டிராஃப்ட்டில் பேர் வந்தால் டீமில் இடம் உண்டா? டபிள்யூ.என்.பி.ஏ. பற்றி என்னிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

2024 ஏப்ரலில் கல்லூரிக் கூடைப்பந்து நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் பெயர் எங்கே பார்த்தாலும் அடிபட்டதிலிருந்து, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வைப் பார்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு மே மாதமும் எனக்கு ஒரே மாதிரி மெசேஜ் வரும்: "போன மாசம்தானே எடுத்தாங்க, அதுக்குள்ள அனுப்பிட்டாங்களே, என்ன தப்பு பண்ணுச்சு அந்தப் பொண்ணு?" தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துபோய், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். சம்பள எண்கள், ஒப்பந்த விதிகள், அணிக்கு எத்தனை பேர் என்ற கணக்கு எல்லாம் லீகும் ஆட்டக்காரர்கள் சங்கமும் 2020-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி 2025 சீசன் வரை இருந்தவை.

டிராஃப்ட்டுல பேர் வாசிச்சாச்சுன்னா வேலை கிடைச்ச மாதிரிதானே?

இல்லை. டிராஃப்ட் என்பது வருடத்துக்கு ஒருமுறை அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. அதில் ஒரு அணி உங்கள் பெயரைச் சொன்னால், "இந்த லீகில் இவரிடம் பேசும் உரிமை இனி எங்களுக்குத்தான்" என்று மட்டும் அர்த்தம். அதற்கப்புறம் பயிற்சி கேம்புக்குப் போய், அங்கே ஏற்கெனவே இருக்கும் சீனியர்களோடு மோதி, சீசன் தொடங்கும் நாளில் கடைசிப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் வேலை. கல்யாணப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததற்கும் பந்தியில் நமக்கு இலை போட்டதற்கும் உள்ள தூரம் இது.

அந்த மேடை, கேமரா, தொப்பி, அப்பா அம்மா கண்ணீர் இதையெல்லாம் டிவியில் பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும், அதனால்தான் மே மாதம் எல்லோருக்கும் அதிர்ச்சியாக இருக்கிறது.

மொத்தம் எத்தனை சீட்டுதான் இருக்கு?

2024 வரை 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர், ஆக 144. ரசிகர்கள் அந்த லீகையே '144' என்று சொல்லும் அளவுக்கு அந்த எண் பிரபலம். 2025-இல் கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் 13-ஆவது அணியாக வந்ததும் 156. இதிலும் எல்லா அணியும் 12 பேரை வைக்கவில்லை, பல அணிகள் 11 பேரோடு நிறுத்திக்கொண்டன (காரணம் கீழே சம்பளக் கேள்வியில்).

இன்னொரு பக்கம் பாருங்கள். கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான என்.சி.ஏ.ஏ. முதல் டிவிஷனில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு டஜன் பேருக்குக் குறையாது. அங்கிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சேர்த்து 2024 டிராஃப்ட்டில் மூன்று ரவுண்டில் எடுக்கப்பட்டவர்கள் 36 பேர். அந்த 36 பேருக்காக யாரும் 36 நாற்காலியைக் காலி செய்து வைக்கவில்லை. போன வருடம் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

காலேஜ் பைனல் முடிஞ்சு எவ்வளவு நாள் கிடைக்கும் தயாராக?

சிரிக்காதீர்கள். 2024-இல் கல்லூரி இறுதிப் போட்டி ஏப்ரல் 7, டிராஃப்ட் ஏப்ரல் 15, கேம்ப் ஏப்ரல் 28, சீசன் மே 14. இறுதிப் போட்டி ஆடிய பெண்ணுக்கு டிராஃப்ட்டுக்கு எட்டு நாள், அதிலிருந்து கேம்புக்கு இரண்டு வாரம் கூட இல்லை. நடுவில் பரீட்சை, பட்டமளிப்பு, வீடு மாற்றம் வேறு.

அங்கே எதிரில் நிற்பது முப்பது வயது சீனியர், பத்து வருடமாக இதே வேலையைச் செய்கிறவர். ஆண்கள் என்.பி.ஏ.வில் டிராஃப்ட்டுக்கும் சீசனுக்கும் நடுவில் ஒரு கோடைகாலமே இருக்கிறது, கோடைக்கால லீக் என்று தனியாகப் பழக்கமும் இருக்கிறது. இங்கே அது கிடையாது.

சரி, எந்த ரவுண்டுன்னா சான்ஸ் எவ்வளவு?

முதல் நான்கைந்து பேர் உடம்பு சரியாக இருந்தால் உள்ளேதான். முதல் ரவுண்டின் பின்பாதி நல்ல வாய்ப்பு, ஆனால் உத்தரவாதம் இல்லை: 2022-இல் லாஸ் வேகாஸ் ஏசஸ் எட்டாவதாக எடுத்த மையா ஹாலிங்ஸ்ஹெட், அந்த சீசன் தொடங்கும் முன்பே விடுவிக்கப்பட்டார். எட்டாவது இடம் என்பது நாட்டிலேயே எட்டாவது என்று அர்த்தம் இல்லையா, அதற்கே இந்த கதி.

இரண்டாம் ரவுண்டு என்றால் எந்த அணி என்பதைப் பொறுத்தது. மூன்றாம் ரவுண்டு என்றால் உள்ளே வருவது செய்தி, வராமல் போவது வழக்கம். 2025-இல் 27-ஆவதாக டல்லாஸ் எடுத்த ஜே.ஜே. குவினர்லி கடைசிப் பட்டியலில் வந்தது அதனால்தான் பேசப்பட்டது. மொத்தமாகப் பார்த்தால் ஒரு வருட டிராஃப்ட்டில் பாதிப் பேர் முதல் நாள் பட்டியலில் இருந்தாலே அது நல்ல வருடம்.

கேம்ப்ல நல்லா ஆடினா கண்டிப்பா எடுத்துக்குவாங்கள்ல?

இதற்கு டேஜா கெல்லி கதைதான் பதில். 2025 டிராஃப்ட்டில் அவர் பெயர் வரவில்லை. லாஸ் வேகாஸ் கேம்புக்குக் கூப்பிட்டது. சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் பீனிக்ஸுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் வெற்றி ஷாட்டைப் போட்டார், சக ஆட்டக்காரர்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள், வீடியோ எல்லா இடமும் சுற்றியது. சில நாளில் அவரை விடுவித்துவிட்டார்கள்.

ஒரு கேம்பில் 18 பேர் வரை இருக்கலாம். அதில் ஏழெட்டுப் பேருக்கு இடம் முதல் நாளிலேயே முடிவாகியிருக்கும், அவர்களில் பலருக்கு சம்பளம் உத்தரவாதமான ஒப்பந்தம், வெளியே அனுப்பினாலும் காசு கொடுத்தாக வேண்டும். ஆக மீதிப் பத்துப் பேர் நான்கைந்து நாற்காலிக்காகச் சுற்றுகிறார்கள். உங்கள் பொசிஷனில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தால், நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் நான்காவது ஆள்தான்.

காலேஜ்ல அவ்வளவு பாயிண்ட் அடிச்ச பொண்ணை எப்படி வெளியே அனுப்பறாங்க? கண்ணு தெரியலையா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருவது, கோபத்தோடும் வருவது. ஒரே அணி, ஒரே டிராஃப்ட், இரண்டு பேர்: இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

2024 டிராஃப்ட் புரூக்ளினில் நடந்தது. நமக்கு மறுநாள் விடியற்காலை ஐந்து மணி, காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். 16-ஆவது இடத்தில் லாஸ் வேகாஸ் டையிஷா ஃபேரை எடுத்தது. கல்லூரியில் 3,403 புள்ளி, அன்றைய கணக்கில் முதல் டிவிஷன் வரலாற்றிலேயே மூன்றாவது இடம், கிளார்க்கும் கெல்சி பிளமும் மட்டும்தான் மேலே. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். இரண்டு பேர் கழித்து 18-ஆவது இடத்தில் அதே அணி கேட் மார்ட்டினை எடுத்தது. மார்ட்டின் அங்கே அழைக்கப்பட்ட ஆட்டக்காரராக வரவில்லை, தன் அயோவா அணித் தோழி கிளார்க்குக்குக் கைதட்டப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெயரைக் கேட்டதும் இருக்கையிலிருந்து எழுந்து மேடைக்குப் போனார். கல்லூரியில் கடைசி வருடத்தில் ஆட்டத்துக்குச் சுமார் 13 புள்ளிதான் அடித்தவர்.

நிலைத்தவர் மார்ட்டின். ஃபேரை முதல் சீசன் முடிவதற்குள்ளேயே விட்டுவிட்டார்கள். ஏன்? லாஸ் வேகாஸில் அப்போது பந்தைக் கையில் வைத்து ஆட பிளம், ஜாக்கி யங், செல்சி கிரே என்று ஆட்கள் இருந்தார்கள். ஃபேரின் பலமே பந்து கையில் இருப்பதுதான், அங்கே அது கிடைக்காது. மார்ட்டின் ஆறடி, யார் பக்கத்தில் நின்றாலும் ஆடுவார், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்டு) ஓடுவார், மூலையில் காத்திருந்து மூன்று புள்ளி ஷாட் போடுவார், பந்தே வராவிட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். பெஞ்சின் கடைசி ஆளிடம் பயிற்சியாளர் கேட்பது அதைத்தான். கல்லூரியில் நட்சத்திரமாக இருந்தவர்களுக்கு அந்த வேலை பழக்கமே இல்லை, நான்கு வருடம் மற்றவர்கள் அவர்களுக்காக அதைச் செய்தார்கள்.

12 பேர் வைக்கலாம்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் 11 பேரோட நிறுத்தறாங்க? கஞ்சத்தனமா?

கஞ்சத்தனம் இல்லை, கணக்கு. 2025-இல் ஒரு அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு 15,07,100 டாலர். இதைத் தாண்டவே முடியாது, அபராதம் கட்டித் தாண்டும் வழியும் கிடையாது.

ஒரு அணிக்கு இரண்டு பெரிய நட்சத்திரம் என்று வையுங்கள், தலைக்கு 2,49,244. அடுத்த இருவருக்கு 2,14,466. நான்கு பேரிலேயே 9,27,420 போய்விட்டது. மீதி 5,79,680. மூன்று வருட அனுபவம் உள்ளவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 78,831. இந்த மீதியில் அப்படி ஏழு பேரைத்தான் வைக்க முடியும், எட்டாவது ஆளுக்கு இடிக்கும். 4 + 7 = 11, முடிந்தது கதை. எட்டுப் பேர் வேண்டுமென்றால் நான்கு சீனியர், நான்கு பேர் 66,079 டாலர் வாங்கும் புதியவர்கள் என்று கலக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், 5,79,640. நாற்பது டாலர் மிச்சம்! (இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

அதனால் புதியவருக்கு இது ஒரே நேரத்தில் கெடுதலும் நல்லதும். 12-ஆவது நாற்காலியே காணாமல் போவது கெடுதல். நட்சத்திரங்கள் நிறைந்த அணிக்கு மலிவான ஆள் தேவைப்படுவது நல்லது.

ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாச்சே, கட் பண்ணினாலும் காசு வருமில்ல?

வராது. கிளார்க்குக்கு நான்கு வருடத்துக்கு 3,38,056 டாலர் என்று செய்தி வந்தது ஞாபகம் இருக்கலாம், முதல் வருடம் 76,535. இரண்டாம், மூன்றாம் ரவுண்டு என்றால் இன்னும் குறைவு. ஆனால் புதியவர்களின் அந்த எண்கள் பட்டியலில் இடம் பிடித்தால்தான். கேம்பிலேயே வெளியேறினால் ஒப்பந்தமும் அதோடு போய்விடும். எட்டாவது இடத்தில் எடுக்கப்பட்டிருந்தாலும் அப்படித்தான்.

டிராஃப்ட்டுல எடுக்கவே இல்லைன்னா கதை முடிஞ்சுதா?

முடியவில்லை. பெக்கி ஹாமனை 1999-இல் யாரும் எடுக்கவில்லை. நியூயார்க் லிபர்ட்டியில் நுழைந்து, இன்று கூடைப்பந்து ஜாம்பவான்களின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார், பயிற்சியாளராக லாஸ் வேகாஸுக்குக் கோப்பைகள் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. 2013-இல் எரிகா வீலரை யாரும் எடுக்கவில்லை, லீகின் சிறந்தவர்களை மட்டும் சேர்த்து ஆடவைக்கும் ஆல்ஸ்டார் ஆட்டத்தில் 2019-இன் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. கெய்லா தார்ன்டனும் 2014-இல் எடுக்கப்படாதவர், 2025-இல் வால்கிரீஸின் முதல் ஆல்ஸ்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் சாமி விட்காம்ப். 2010-இல் டிராஃப்ட்டில் பெயர் இல்லை, அப்புறம் ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று சுற்றி, 2017-இல் 28 வயதில் சியாட்டிலில் முதல் ஆட்டம், 2018-இலும் 2020-இலும் கோப்பை. ஒன்று சொல்கிறேன், மூன்றாம் ரவுண்டின் கடைசியில் எடுக்கப்படுவதைவிட எடுக்கப்படாமலே இருப்பது சில நேரம் மேல், எந்த அணியில் உங்கள் பொசிஷன் காலியாக இருக்கிறதோ அங்கே நீங்களே தேர்ந்தெடுத்துப் போகலாம்.

கட் ஆன மறுநாள் என்ன நடக்கும்?

விடுவிக்கப்பட்டவரை 48 மணி நேரத்துக்குள் வேறு அணி கேட்டு எடுத்துக்கொள்ளலாம். யாரும் கேட்காவிட்டால் சுதந்திரம், யாரோடும் ஒப்பந்தம் போடலாம். பிரிட்ஜெட் கார்ல்டனை 2019-இல் 21-ஆவதாக எடுத்த கனெக்டிகட் அதே வருடம் விட்டுவிட்டது, மின்னசோட்டா பிடித்துக்கொண்டது, பின்னால் அங்கே அவர் தொடக்க ஐவரில் ஒருவர்.

அணியில் காயங்கள் கூடி, ஆடத் தகுதியானவர்கள் பத்துக்குக் கீழே போனால் அவசர ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. சீசனின் பின்பாதியில் ஏழு நாள் ஒப்பந்தமும் வரும், வாடகை வீடு மாதிரி. 2025-இல் வால்கிரீஸ் 30-ஆவதாக எடுத்த கெய்ட்லின் சென் என்பவரைக் கேம்பிலேயே விட்டுவிட்டார்கள். ஜூனில் அந்த அணியின் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் தங்கள் நாட்டுக்காக யூரோபாஸ்கெட் என்ற ஐரோப்பிய நாடுகளின் போட்டியில் ஆடப் போனதும் அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். அதற்காகத்தான் கட் ஆனவர்கள் பையைப் பிரிக்காமல் உடம்பைத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

அதுவும் இல்லைன்னா எங்க போறாங்க?

துருக்கி, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், போலந்து, ஆஸ்திரேலியா, சீனா. அமெரிக்காவில் குளிர்காலமாக இருக்கும்போது அங்கே சீசன். ஆண்களுக்கு இருப்பது போல அமெரிக்காவுக்குள்ளேயே அணிகளோடு இணைந்த ஒரு கீழ்நிலை லீக் 2025 வரை பெண்களுக்கு இல்லை, அதனால் வளர்வதற்கு விமானம் ஏறியாக வேண்டும். மொழி தெரியாத ஊரில் தனியாக ஒரு வருடம் ஆடிவிட்டுத் திரும்புபவர்கள் அடுத்த கேம்பில் வேறு ஆளாகத்தான் தெரிவார்கள், விட்காம்ப் கதை அதுதான்.

சில வெளிநாட்டுப் பொண்ணுங்களை முதல் ரவுண்டுல எடுத்துட்டு, அவங்க வரவே இல்லையே?

அது தெரிந்தே செய்வது. 2025-இல் வால்கிரீஸ் ஐந்தாவதாக எடுத்த லித்துவேனியாவின் யுஸ்தே யோசிதே, சிகாகோ பத்தாவதாக எடுத்த ஸ்லோவேனியாவின் அய்ஷா சிவ்கா இருவரும் அந்த வருடம் வரவில்லை. உரிமை அணியிடம் இருக்கும், நாற்காலியும் செலவாகாது, சம்பளமும் வரம்பில் சேராது. மேலே போட்ட நாற்பது டாலர் கணக்கை நினைத்துப் பார்த்தால் இதன் ருசி புரியும். கல்லூரிப் பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் முதல் ரவுண்டில் ஓரிரண்டு இடம் குறைகிறது, ஆனால் கேம்பில் ஒரு போட்டியாளரும் குறைகிறார்.

இவ்வளவு கஷ்டம்னா காலேஜிலேயே இன்னொரு வருஷம் இருந்திருக்கலாமே?

இருக்கிறார்களே. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். பிரபலமான பெண்ணுக்கு அது புதியவரின் சம்பளத்தைவிடக் கூட இருக்கும். 2025 டிராஃப்ட்டில் மிக மேலே போவார் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த ஒலிவியா மைல்ஸ், நோட்ரடேம் பல்கலைக்கழகத்திலிருந்து டி.சி.யு. என்ற இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு மாறி இன்னொரு வருடம் ஆடினார்.

ஆனால் எல்லோராலும் முடியாது. கல்லூரி அணியில் ஆட அனுமதிக்கப்பட்ட வருடங்கள் தீர்ந்துபோனால் போயே ஆக வேண்டும். அமெரிக்கக் கல்லூரிப் பெண் டிராஃப்ட்டுக்கு வர, அந்த ஆண்டில் 22 வயது ஆக வேண்டும் அல்லது படிப்பு முடிய வேண்டும். வருடம் மிச்சமிருந்தும் வருகிறவர் அதைக் கைவிடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும், மே மாதம் கட் ஆனால் திரும்பிப் போக முடியாது.

புது டீம் வருதே, இனிமேல் எல்லாருக்கும் இடம் கிடைக்கும்ல?

கொஞ்சம் கிடைக்கும், நினைப்பதைவிடக் குறைவாக. 2000-இல் 16 அணி இருந்தது, ஹூஸ்டன், சாக்ரமெண்டோ என்று ஒவ்வொன்றாக மூடி 2010-இல் 12 ஆனது, 2024 வரை அப்படியே. 2025-இல் 13. 2026-க்கு டொராண்டோ, போர்ட்லாந்து சேர்ந்து 15.

ஆனால் புது அணி தன் நாற்காலிகளை முதலில் மற்ற அணிகளின் ஆட்களைக் கொண்டுதான் நிரப்பும். 2024 டிசம்பரில் வால்கிரீஸ் அப்படி 11 பேரை எடுத்தது, கேட் மார்ட்டின் அதில் ஒருவர். அதே அணி 2025 டிராஃப்ட்டில் மூன்று பேரை எடுத்தது: யோசிதே வரவில்லை, 17-ஆவதாக வந்த ஷயான் செல்லர்ஸைக் கேம்பில் அனுப்பினார்கள், கெய்ட்லின் சென் என்பவரையும் அனுப்பினார்கள். புத்தம் புது அணி, முதல் நாள் பட்டியலில் அந்த மூவரில் ஒருவரும் இல்லை. லாபம் வேறு விதமாக வரும், பழைய அணிகளில் ஆள் போன இடத்தில் ஒரு காலி விழும்.

முதல் வருஷத்தைத் தாண்டிட்டா நிம்மதியா?

எனக்குத் தெரிந்து இரண்டாம், மூன்றாம் வருடம்தான் பயங்கரம். 2021-இல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட சார்லி காலியரை டல்லாஸ் 2023 மே மாதம் விட்டுவிட்டது. ஒன்றாம் நம்பர்! 2020-இல் 16-ஆவதாக வந்து அந்த வருடத்தின் சிறந்த புதியவர் விருதையே வாங்கிய கிரிஸ்டல் டேஞ்சர்ஃபீல்டை மின்னசோட்டா 2022-இல் விட்டது. ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாக இன்னொரு கூட்டம் வருகிறது, அனுபவம் ஏற ஏற உங்கள் குறைந்தபட்சச் சம்பளமும் ஏறுகிறது, ஓரத்தில் இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்து இடிக்கும்.

தலைகீழாகவும் நடக்கும். அலானா ஸ்மித்தை 2022-இல் இந்தியானா விட்டது, 2025-இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை அவர் ஏ'ஜா வில்சனோடு பகிர்ந்துகொண்டார்.

நம்ம ஊர்ல இருந்து யாராவது முயற்சி பண்ணியிருக்காங்களா?

கீது அன்னா ஜோஸ். கேரளத்துக்காரர், சென்னையில் தெற்கு ரயில்வேக்காக ஆடியவர், ஆஸ்திரேலியாவிலும் ஆடியிருக்கிறார். 2011-இல் சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் அன்டோனியோ அணிகள் அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தன, இடம் கிடைக்கவில்லை. இங்கே ஆறடிக்கு மேல் உயரத்தோடு எல்லோரையும் சாய்த்துக்கொண்டிருந்த சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர்) அவர், அங்கே அந்த உயரத்தில் கார்டுகளே (வெளியே நின்று பந்தை நடத்தும், வழக்கமாக உயரம் குறைந்தவர்கள்) ஆடுகிறார்கள்.

அடுத்த மே மாசம் நான் எதைப் பார்த்தா யார் தேறுவாங்கன்னு சொல்லலாம்?

கல்லூரிப் புள்ளிக் கணக்கை மூடிவையுங்கள். அந்த அணியில் உத்தரவாத ஒப்பந்தம் எத்தனை பேருக்கு, அந்தப் பெண்ணின் பொசிஷனில் எத்தனை பேர், யாருக்குக் காயம், யார் நாட்டு அணிக்குப் போகப்போகிறார்கள், சம்பள வரம்பில் மிச்சம் எவ்வளவு, இதைப் பாருங்கள். பயிற்சி ஆட்டங்களில் முதல் பாதியில் யாரோடு சேர்த்து இறக்குகிறார்கள் என்று கவனியுங்கள், நட்சத்திரங்களோடு சேர்த்து ஐந்து நிமிடம் இறக்கினால் யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் வந்து பத்துப் புள்ளி அடித்தால் வீடியோ நன்றாக வரும், அவ்வளவுதான்.

அப்படியும் எனக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று தப்பும். 2025-இல் செல்லர்ஸ் நிச்சயம் தேறுவார் என்று குழுவில் அடித்துச் சொன்னேன், இன்னும் கிண்டல் பண்ணுகிறார்கள்.